டிரெய்லரில் கேஸ் ஃபிரிட்ஜ் போய்விட்டது: வீட்டு ஃபிரிட்ஜா, மறுபடி புரொப்பேனா?

புதுவண்டி | 2025 மார்ச் 9, இரவு 8:40

26 அடி டிராவல் டிரெய்லர், 2012 மாடல், பழையது வாங்கியது. 8 கன அடி கேஸ் ஃபிரிட்ஜ், புரொப்பேனிலும் 120 வோல்ட்டிலும் ஓடும் ரகம். இப்போது இரண்டிலும் குளிர்ச்சி இல்லை. வெளிப்பக்க மூடியைத் திறந்தால் அமோனியா நெடி, குழாய்களின் அடியில் மஞ்சள் பொடி. அதே இடத்துக்கு மறுபடி கேஸ் ஃபிரிட்ஜ் வாங்கினால் 2,000 டாலரை ஒட்டி வருகிறது. 10 கன அடி அபார்ட்மென்ட் ஃபிரிட்ஜ் அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிகிறது. வீட்டு ஃபிரிட்ஜே வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பாதி நாள் ஹூக்கப் (முகாமில் கரண்ட், தண்ணீர் இணைப்பு) உள்ள இடங்கள், மீதி யூட்டா, அரிசோனா பக்கம் அரசு நிலத்தில் கரண்ட் இல்லாமல். டிரெய்லரின் தலைப்பக்கத்தில், அதாவது இழுவை வண்டியோடு மாட்டும் முனையில், இரண்டு சாதாரண 12 வோல்ட் பேட்டரி, சோலார் கிடையாது.

இரும்புப்பெட்டி | மார்ச் 9, இரவு 10:15

முதலில் அந்த மஞ்சள் பொடி. அது சோடியம் குரோமேட். குழாய்க்குள் துரு பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது, புற்றுநோய் வரவழைக்கும் நச்சு. துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வேக்யூமும் வேண்டாம். கையுறை, முகக்கவசம், ஈரத்துணி. துணியைப் பையில் கட்டி அபாயக் கழிவாகக் கொடுங்கள். ஃபிரிட்ஜை எந்த முறையிலும் ஆன் செய்யாதீர்கள். உள்ளே அமோனியாவோடு ஹைட்ரஜனும் இருக்கிறது. கசிவு இருக்கும் இடத்தில் பர்னர் எரியக் கூடாது. இரண்டு நாள் மேல் கீழ் மூடிகளைத் திறந்து போடுங்கள்.

நெடியும் பொடியும் இருந்தால் கூலிங் யூனிட் (பின்பக்கக் குழாய்த் தொகுதி) முடிந்தது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பிழைக்கும் என்று ஒருவர் வந்து சொல்வார். கேட்காதீர்கள். அது உள்ளே அடைப்பு ஏற்பட்டதற்கு, அதுவும் எப்போதாவது பலிக்கும் வைத்தியம். ஓட்டை விழுந்ததற்கு அல்ல.

இரும்புப்பெட்டி | மார்ச் 10, காலை 6:50

இதே இழையைத் தேடி வருகிறவர்களுக்கு: நெடி இல்லாமல், கேஸில் குளிர்ந்து 120 வோல்ட்டில் மட்டும் குளிராவிட்டால் கூலிங் யூனிட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஹீட்டரின் இரண்டு வயரையும் கண்ட்ரோல் போர்டிலிருந்து கழற்றி மீட்டரில் பாருங்கள். 325 வாட் ஹீட்டருக்கு 44 ஓம் வர வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் எரிந்துவிட்டது, சில்லறைச் செலவு.

தலைகீழ்: கரண்டில் குளிர்ந்து கேஸில் குளிராவிட்டால் பர்னர். சுடர் நீலமாக, உறுமலோடு நேராக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால் புகைக்குழாயிலிருந்து துரு உதிர்ந்து பர்னர் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது குளவி கூடு கட்டியிருக்கும். பர்னரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கேஸ் வரும் சின்னத் துளையை ஆல்கஹாலில் ஊற வைத்து உலர்த்த வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கேஸ் அழுத்தம் 11 அங்குல நீர்த்தம்பம் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும்.

இரும்புப்பெட்டி | மார்ச் 10, காலை 7:30

இப்போது கேள்விக்கு. கடையில் விலையை ஒப்பிடுவதால் வீட்டு ஃபிரிட்ஜ் மலிவாகத் தெரிகிறது. கேஸ் ஃபிரிட்ஜ் தன் எரிபொருளைக் கூடவே கொண்டுவருகிறது. வீட்டு ஃபிரிட்ஜுக்கு அதை நீங்கள் கூரைமேலும் தலைப்பக்கமும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியூ (வெப்ப அலகு). 8 கன அடி ஃபிரிட்ஜின் பர்னர் மணிக்கு 1,500 பிடியூவை ஒட்டி எரிக்கும். அணையாமல் எரிந்தாலே 12 நாள். விட்டு விட்டு எரிவதால் இரண்டு வாரத்தைத் தாண்டும். போர்டுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்ப் போலப் போகும், நாளைக்கு 12 ஆம்ப் அவர் (பேட்டரிக் கொள்ளளவை அளக்கும் அலகு). கதவுச் சட்டத்தில் வியர்க்காமல் இருக்க ஒரு ஹீட்டர் கம்பி சில மாடல்களில் உண்டு. அதற்கு சுவிட்ச் இருந்தால் அணைத்து வையுங்கள், பேட்டரியைச் சத்தமில்லாமல் குடிக்கும்.

10 கன அடி வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் மின்செலவு காட்டும் மஞ்சள் லேபிளில் வருடத்துக்கு 320 யூனிட் என்று இருந்தால் நாளைக்கு 0.9 யூனிட். ஊர் பில்லில் வரும் அதே யூனிட்தான். 12 வோல்ட் பேட்டரியில் அது 70 ஆம்ப் அவர். உங்கள் இரண்டு சாதாரண பேட்டரியும் புதிதாக இருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பது 80 ஆம்ப் அவர் போல. மறுநாள் காலை லைட், பம்ப், ஹீட்டர் ஃபேனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பீனிக்ஸ்வெயில் | மார்ச் 10, காலை 9:05

கேஸ் ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு வக்காலத்தா? ஜூன் மாதம் இங்கே வந்து பாருங்கள். மதியம் மேற்கு வெயில் அந்தப் பக்கச் சுவரில் அடித்தால் உள்ளே 50 டிகிரி ஃபாரன்ஹீட். இட்லி மாவை ஃபிரிட்ஜுக்குள் வைத்தே பொங்க வைக்கலாம்.

இரும்புப்பெட்டி | மார்ச் 10, மதியம் 1:20

பொங்கட்டும், ஆனால் அதில் பாதிக் குற்றம் ஃபிரிட்ஜைப் பொருத்தியவர் மேல்.

இதில் மோட்டார் இல்லை. கொதிகலனில் சூடு, தண்ணீரிலிருந்து அமோனியா ஆவி பிரிந்து மேலே போகிறது, பின்பக்க உச்சியில் இருக்கும் தகடுகளில் குளிர்ந்து திரவமாகிறது, உள்ளே இறங்கி ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகும்போது சூட்டை இழுக்கிறது, பிறகு தண்ணீர் அதை மறுபடி விழுங்குகிறது. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டனும் முன்டர்ஸும் மாணவர்களாக இருக்கும்போது வடிவமைத்தது, இன்றும் அடிப்படை அதுவேதான். எல்லாம் புவியீர்ப்பில் நடப்பதால் இரண்டு விஷயம் பிசகக் கூடாது: பின்னால் காற்றோட்டம், மட்டம்.

காற்று கீழ் மூடியில் நுழைந்து தகடுகளை உரசிக்கொண்டு கூரைத் துளையில் போக வேண்டும். குழாய்களுக்கும் சுவருக்கும் இடைவெளி ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் காற்று சுவரோரமாகவே ஏறிப்போய்விடும், சூடு தகட்டிலேயே நிற்கும். தகரத்தை வளைத்து ஒரு தடுப்பு வைத்தால் காற்று தகட்டுப் பக்கம் தள்ளப்படும். தொழிற்சாலையிலேயே இதை விட்டுவிடுவது சர்வசாதாரணம். அதன் மேல் இரண்டு 120 மில்லிமீட்டர் 12 வோல்ட் ஃபேன், 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓடத் தொடங்கும் ஒரு சின்ன தெர்மோஸ்டாட். உள்ளே தகடுகளின் மேல் காற்றைச் சுழற்ற இன்னொரு குட்டி ஃபேன். உள் தகட்டில் மாட்டியிருக்கும் சென்சார் கிளிப்பை மேலே நகர்த்தினால் இன்னும் குளிரும். தகட்டில் பனி கட்டியிருந்தால் இவ்வளவும் வீண். முதலில் அதை உருக்குங்கள்.

இத்தனை செய்தாலும் 105 டிகிரியில் கேஸ் ஃபிரிட்ஜ் திணறும். அதை மறுக்கவில்லை. உணவு 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால், கோடை முழுக்கப் பாலைவனத்தில் இருப்பவர் கேஸ் வாங்கக் கூடாது.

இரும்புப்பெட்டி | மார்ச் 10, மதியம் 1:45

மட்டத்தை விட்டுவிட்டேன். கையேட்டில் பெரும்பாலும் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி என்று இருக்கும். இது ஃபிரிட்ஜின் பக்கவாட்டு, டிரெய்லரின் பக்கவாட்டு அல்ல. ஃபிரிட்ஜின் முதுகு டிரெய்லரின் பக்கச் சுவரைப் பார்த்திருப்பதால், ஃபிரிட்ஜின் பக்கவாட்டு என்பது டிரெய்லரின் நீளவாக்கு. ஆகவே கடுமையான 3 டிகிரி கட்டுப்பாடு தலைப்பக்க ஜாக்கில்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்துப் பக்கவாட்டைச் சரிசெய்துவிட்டு, இழுவை வண்டியைக் கழற்றச் சோம்பல்பட்டு மூக்கைத் தூக்கலாகவே விட்டு இரவைக் கழிப்பவர்கள்தான் கூலிங் யூனிட்டைக் கொல்கிறார்கள். சாய்வில் திரவம் குழாயில் தேங்கி, கொதிகலன் வறண்டு, அளவுக்கு மேல் சுடுகிறது. அந்தச் சூட்டில் குரோமேட் படிவாகி மெல்லிய குழாயை அடைக்கிறது. அது திரும்பாத சேதம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். வண்டி ஓடும்போது கவலை இல்லை, ஆட்டத்தில் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கொதிகலன் குழாய் விரிசல் விட்டுத் தீப்பிடித்த வரலாறும் இருக்கிறது. டொமெட்டிக் 2006-லும் நார்கோல்ட் 2010-லும் பெரிய அளவில் திரும்ப அழைத்துப் பழுது பார்த்தார்கள். பழைய டிரெய்லர் வாங்குகிறவர் ஃபிரிட்ஜின் சீரியல் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று பார்க்க வேண்டும். கொதிகலன் சூட்டைக் கவனித்து எல்லை மீறினால் ஃபிரிட்ஜை நிறுத்தும் சின்னக் கருவி தனியாகக் கிடைக்கிறது. கேஸ் ஃபிரிட்ஜோடு தொடர்கிறவர்கள் அதைப் போட்டுவிடுங்கள்.

புதுவண்டி | மார்ச் 11, இரவு 9:10

சரி, பேட்டரி, சோலார் எல்லாம் போடத் தயார். வீட்டு ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிது? 150 வாட் தானே இழுக்கிறது, 300 வாட் போதுமா?

இரும்புப்பெட்டி | மார்ச் 11, இரவு 10:30

போதாது. ஓடும்போது 100, 150 வாட்தான். பழைய ரக கம்ப்ரெசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் 10 ஆம்புக்கு மேல் இழுக்கும், 120 வோல்ட்டில் 1,200 வாட். இன்வெர்ட்டர் கம்ப்ரெசர் என்று விற்கும் மாடல்கள் மெதுவாகக் கிளம்பும், ஆனால் பனி உருக்கும் ஹீட்டர் அதிலும் உண்டு; 400, 500 வாட், கால் மணி முதல் அரை மணி. ஆகவே 1,000 வாட் சுத்த சைன் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், நொடிநேரத்துக்கு 2,000 தாங்குவது. மலிவான போலி சைன் வேண்டாம். மோட்டார் சூடாகும், எலக்ட்ரானிக் போர்டு சீக்கிரம் போகும்.

1,000 வாட் என்றால் 12 வோல்ட் பக்கத்தில் 100 ஆம்ப். இன்வெர்ட்டரை பேட்டரியிலிருந்து ஐந்தாறு அடிக்குள் வையுங்கள், 2 கேஜ் செம்பு வயர், பேட்டரி பிளஸ் முனையை ஒட்டி 150 ஆம்ப் ஃபியூஸ். லித்தியம் பேட்டரி என்றால் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். ஷார்ட் ஆனால் லித்தியம் விடும் கரண்டைச் சாதாரண ஃபியூஸ் அறுத்து முடிப்பதற்குள் வில்போலத் தீப்பொறி தாண்டும். நீளம் தேவைப்பட்டால் 120 வோல்ட் பக்கத்தில் நீட்டுங்கள், 12 வோல்ட் பக்கத்தில் வேண்டாம்.

இன்வெர்ட்டரை மொத்த பேனலுக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் டிரெய்லரின் சார்ஜர் பேட்டரியிலிருந்து வரும் கரண்டை வைத்தே அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கிளம்பும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி வயர், நடுவில் 30 ஆம்ப் தானியங்கி மாற்று சுவிட்ச். ஹூக்கப் வந்ததும் அது தானாக அந்தப் பக்கம் தாவும்.

கேஸ் ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு வேறு காரணத்துக்கு இன்வெர்ட்டர் போடுகிறவர்களுக்கும் இதில் ஒரு பொறி: ஃபிரிட்ஜ் ஆட்டோ முறையில் இருந்தால் 120 வோல்ட்டைக் கண்டதும் கேஸை அணைத்துவிட்டு 325 வாட் ஹீட்டரை ஓட்டும். விடிவதற்குள் பேட்டரி காலி. இன்வெர்ட்டர் ஓடும்போது பட்டனை கேஸில் நிறுத்துங்கள்.

இரும்புப்பெட்டி | மார்ச் 12, காலை 6:40

10-ஆம் தேதி 70 ஆம்ப் அவர் என்று போட்டது லேபிள் கணக்கு மட்டும். டிரெய்லர் கணக்கு வேறு. இன்வெர்ட்டரில் 12 சதவீதம் போகும். ஃபிரிட்ஜ் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் விழித்திருக்க 12, 15 வாட், நாளைக்கு 0.3 யூனிட். அலமாரிக்குள் நெருக்கி வைத்த ஃபிரிட்ஜ், 90 டிகிரி உள்வெப்பம் என்றால் இன்னும் கூடும். 1.3 யூனிட்டிலிருந்து 1.7 வரை வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 100 முதல் 130 ஆம்ப் அவர்.

200 ஆம்ப் அவர் லித்தியம் 2.5 யூனிட் பிடிக்கும். மற்ற செலவுகளோடு சூரியன் இல்லாமல் ஒன்றரை நாள். கூரையில் படுக்கையாக 400 வாட் பேனல் கோடையில் தென்மேற்கில் 1.6 யூனிட்டைத் தொடும், டிசம்பரில் பாதி, பைன் மரத்தடியில் அதிலும் பாதி. யூட்டாவின் திறந்த வெளிக்குச் சரி. எல்லோஸ்டோன் பக்கம் போனால், பூங்காவுக்குள் ஹூக்கப் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ். மற்ற முகாம்கள் மர நிழல், ஜெனரேட்டர் ஓட்டவும் நேரக்கட்டுப்பாடு. அங்கே கேஸ் ஃபிரிட்ஜ்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

இழுவை வண்டியின் 7 முனை பிளக் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் என்று நம்பாதீர்கள். மெல்லிய வயர், நீளம் அதிகம். பத்து ஆம்ப் வந்தால் அதிர்ஷ்டம். ஆனாலும் ஐந்து மணி நேர ஓட்டத்தில் வீட்டு ஃபிரிட்ஜ் 30 ஆம்ப் அவருக்குள்தான் குடிக்கும், பயணம் ஒரு பிரச்சினையே இல்லை.

2012 டிரெய்லரின் சார்ஜர் லித்தியத்தை முழுதாக நிரப்பாது, அதையும் மாற்ற வேண்டும். லித்தியத்தை 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, எனவே பேட்டரி தலைப்பக்கப் பெட்டியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

ஒன்டாரியோ | மார்ச் 12, காலை 8:15

குளிர்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களுக்கு வெளியே வைத்தாலே ஃபிரிட்ஜ்தான்.

இரும்புப்பெட்டி | மார்ச் 12, மதியம் 12:50

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட் கீழ் அறையில் மட்டும் இருக்கும் மலிவு மாடல் என்றால், டிரெய்லர் உள்ளே 50 டிகிரிக்குக் கீழே போனதும் கம்ப்ரெசர் கிளம்பவே கிளம்பாது. கீழ் அறை குளிராகத்தானே இருக்கிறது, மேலே ஐஸ்கிரீம் உருகும். கராஜில் வைக்கலாம் என்று எழுதியிருக்கும் மாடல்களில் இது இல்லை. கேஸ் ஃபிரிட்ஜில் நேர்மாறு: பின்பக்கம் உறைகுளிர் காற்று நுழைந்தால் கீரை, பால் எல்லாம் கல்லாகும். வெளி மூடியின் துளைகளைப் பாதி மறைத்தால் அடங்கும். முழுக்க மறைத்தால் பர்னர் மூச்சுவிடாது.

உயரமும் உண்டு. 5,500 அடிக்கு மேல் பர்னர் மக்கர் செய்யலாம் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை வரும். ஹூக்கப் இருந்தால் கரண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பீனிக்ஸ்வெயில் | மார்ச் 12, இரவு 7:30

வீட்டு ஃபிரிட்ஜ் போட்டால் கேஸ் தொல்லை இல்லை, சுரங்கப்பாதையில் தைரியமாகப் போகலாம். அதையும் எழுதுங்கள்.

இரும்புப்பெட்டி | மார்ச் 12, இரவு 8:05

போக முடியாது. அடுப்புக்கும் ரூம் ஹீட்டருக்கும் அதே சிலிண்டர் தலைப்பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது? பால்டிமோர் துறைமுகச் சுரங்கங்கள் 20 பவுண்டு சிலிண்டரோடு வரும் டிரெய்லரை, ஃபிரிட்ஜ் எதுவானாலும் அனுப்புவதில்லை. 2024 மார்ச்சில் அந்தத் துறைமுகத்தின் கீ பாலம் இடிந்து விழுந்தபின் கிழக்குப் பக்கச் சுற்றும் போயிற்று, ஊரைச் சுற்றும் ஐ-695 நெடுஞ்சாலையின் மேற்குப் பாதிதான் வழி. பெட்ரோல் பங்கில் பர்னர் எரியும் கவலை மட்டும்தான் உங்களுக்குக் குறையும்.

இரும்புப்பெட்டி | மார்ச் 13, இரவு 9:40

கழற்றும் முறை. சிலிண்டரை மூடி, அடுப்பை ஏற்றி குழாயில் மிச்சமிருக்கும் கேஸை எரித்துவிடுங்கள். வெளி மூடி வழியாக, ஃபிரிட்ஜுக்கு வரும் 3/8 அங்குல ஃபிளேர் நட்டை இரண்டு ஸ்பேனரால் கழற்றுங்கள். ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருக. ஒற்றை ஸ்பேனர் போட்டால் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். முனைக்குப் பித்தளை ஃபிளேர் மூடி. வால்வை மூடிவிட்டு முனையைத் திறந்து வைப்பது கூடாது. சிலிண்டரைத் திறந்து சோப்பு நுரை தடவிப் பாருங்கள். 12 வோல்ட் வயர் இரண்டையும் தனித்தனியே மூடுங்கள், அதில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

ஸ்குரூ முன்சட்டத்தில் சில, பின்பக்க அடியில் சில. பின்னால் இருப்பதை மறந்துவிட்டு இழுத்து அலமாரியைப் பிளந்தவர்கள் உண்டு. கதவுகளைக் கழற்றினால் வாசலில் நுழையும். புதிதை வாங்கும் முன் டிரெய்லர் வாசலின் உண்மை அகலத்தை அளங்கள், கைப்பிடி, கொக்கி எல்லாம் கழித்து. 8 கன அடி கேஸ் ஃபிரிட்ஜின் துளை சுமார் 60 அங்குல உயரம், 24-க்குச் சற்றுக் குறைந்த அகலம், 24 ஆழம். 24 அங்குல அகலம் என்று விற்கும் வீட்டு ஃபிரிட்ஜ் அதில் மயிரிழையில் நுழையாது, அலமாரிச் சட்டத்தைச் செதுக்க வேண்டும். பக்கவாட்டுத் தகடுகளிலேயே சூட்டை விடும் மாடல்களுக்கு இருபுறமும் அரை அங்குலமாவது காற்று வேண்டும்.

கூரைத் துளையை உள்ளிருந்து இரண்டு அங்குல ஃபோம் பலகையால் அடைத்து ஓரத்தில் சீலன்ட். கூரைத் தொப்பி அப்படியே இருக்கட்டும், மழைக்கு அதுவே காவல். கீழ் மூடியையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரோட்டுப் புழுதி கம்ப்ரெசர் மேல் படியும். அப்படி அடைத்தால் சூடு வெளியேற ஃபிரிட்ஜுக்கு மேலே அறைப் பக்கமாக இரண்டு அங்குலத் திறப்பு, அதன் மேல் ஒரு கிரில்.

அடியில் தரையோடு எல் பிராக்கெட், மேலே பின்னுக்குச் சாயாமலும் முன்னுக்கு வராமலும் ஒரு கட்டை. கதவுக்குப் பட்டைத் தாழ். வீட்டு ஃபிரிட்ஜின் காந்த ரப்பர் முதல் வளைவிலேயே தோற்கும். கண்ணாடித் தட்டுகளுக்கு அடியில் ரப்பர். கம்ப்ரெசரிலிருந்து வரும் செம்புக் குழாய் எதையாவது உரசினால் ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டிக் கட்டுங்கள். டிரெய்லரில் வைத்தால் வாரன்டி செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

புதுவண்டி | மார்ச் 14, காலை 7:00

இன்வெர்ட்டர், மாற்று சுவிட்ச், அலமாரி வேலை எல்லாம் கூட்டினால் கேஸ் ஃபிரிட்ஜ் விலையையே தாண்டுகிறதே.

இரும்புப்பெட்டி | மார்ச் 14, காலை 7:45

தாண்டும். அதனால்தான் மூன்றாவது வழி. கடந்த சில ஆண்டுகளில் புது டிரெய்லர்களில் தொழிற்சாலையே 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் வைக்கிறது. இன்வெர்ட்டரே வேண்டாம், மட்டம் பார்க்க வேண்டாம், மூன்று நான்கு மணி நேரத்தில் குளிரும். கேஸுக்கு முந்தின ராத்திரியே போட வேண்டும். 10 கன அடிக்கு நாளைக்கு 55 முதல் 80 ஆம்ப் அவர். அதே 200 ஆம்ப் அவர் லித்தியம் இரண்டு நாளுக்கு மேல் தாங்கும்.

உங்கள் நிலைக்கு இன்னொன்று இன்னும் பொருந்தும். பெட்டியும் கதவும் நன்றாக இருக்கின்றன, பின்பக்கம்தான் செத்திருக்கிறது. இண்டியானாவின் ஷிப்ஷெவானாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பட்டறைக்காரர்கள், பழைய கேஸ் ஃபிரிட்ஜின் கூலிங் யூனிட்டைக் கழற்றிவிட்டு அதே முதுகில் பொருத்த 12 வோல்ட் கம்ப்ரெசர் யூனிட் செய்து அனுப்புகிறார்கள். ஃபிரிட்ஜை வெளியே எடுத்து முகம் கீழாகப் படுக்க வைத்து, பழையதைப் பெயர்த்து, புதிதைத் தெர்மல் பசையோடு பொருத்தி, விளிம்பை ஃபோமால் அடைப்பது. இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. அலமாரியில் கைவைக்க வேண்டாம். 13-ஆம் தேதி மூடிகளை அடைக்கச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இதன் ஃபேன்கள் பின்பக்கம் இருப்பதால் கீழும் மேலும் திறந்தே இருக்கட்டும்.

ஃபிரிட்ஜுக்கு ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் வயரில் இதைக் கொடுக்காதீர்கள். அது போர்டுக்கான மெல்லிய வயர். கம்ப்ரெசர் 8, 10 ஆம்ப் இழுக்கும்போது 20 அடியில் வோல்டேஜ் சரிந்து, பேட்டரி நிறைந்திருக்கும்போதே ‘லோ வோல்டேஜ்’ என்று நின்றுவிடும். ஃபியூஸ் பேனலிலிருந்து புதிதாக 10 கேஜ் வயர், 20 ஆம்ப் ஃபியூஸ். தூரம் 20 அடியைத் தாண்டினால் 8 கேஜ்.

ஒன்டாரியோ | மார்ச் 14, காலை 9:30

அப்போ கேஸ் ஃபிரிட்ஜ் யாருக்குத்தான்?

இரும்புப்பெட்டி | மார்ச் 14, காலை 10:10

மர நிழலில் நான்கைந்து நாள் ஹூக்கப் இல்லாமல் இருப்பவர், வடக்கே இலையுதிர்காலத்தில் போகிறவர், கூரையில் எதையும் துளைக்க மனமில்லாதவர். ஒழுங்காக ஓடும் கேஸ் ஃபிரிட்ஜைக் கழற்றிப் போட்டு மாற்றுவது வீண் செலவு. அரிசோனா அரசு நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாள் வரைதான் விடுவார்கள். அங்கே சூரியனுக்குப் பஞ்சமில்லை, எனவே புதுவண்டிக்கு 12 வோல்ட். முதலில் பேட்டரி, அடுத்து சார்ஜர், அடுத்து பேனல், கடைசியாகத்தான் ஃபிரிட்ஜ் வேலை. அதுவரை ஹூக்கப்பில் நாள் தள்ள 120 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன டேபிள்டாப் ஃபிரிட்ஜ் போதும்.

புதுவண்டி | மார்ச் 14, இரவு 8:20

அந்த 3/8 குழாயை மொத்தமாக எடுத்துவிடலாமா?

இரும்புப்பெட்டி | மார்ச் 14, இரவு 8:35

தரைக்கு அடியில் மெயின் இரும்புக் குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கேயே கழற்றி மூடிவிடுவது நல்லது. மூடிய இடத்தையும் சோப்பு நுரையில் பாருங்கள். எட்டாத இடம் என்றால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மூடியோடு விட்டு, ஆடாமல் சுவரோடு கிளிப் அடியுங்கள்.